இறுகாத ஜாம், கறுத்த கூழ், பூத்த பூசணம்: பழம் பதப்படுத்தும்போது வரும் கோளாறுகளும் திருத்தும் வழியும்

சித்திரைக் கடைசியில் ஊத்துக்கோட்டைப் பக்கம் இருக்கும் பெரியப்பா தோப்பிலிருந்து பெரம்பூருக்கு மாம்பழக் கூடை வரத் தொடங்கும். அது தீர்வதற்குள் கொடைக்கானலிலிருந்து அண்ணி பிளம்ஸ் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிடுவார். ஆனி, ஆடி என்றால் நாவல். எதுவும் நமக்காகக் காத்திருக்கிற பழம் இல்லை. கூடை இறங்கிய மூன்றாம் நாள் பாதி தொளதொளத்துப் போகும். சாப்பிட்டது போக, அக்கம்பக்கம் கொடுத்தது போக, மீதியை அடுப்பில் ஏற்றியே ஆக வேண்டும்.

போன வைகாசியில் கீழ்வீட்டுப் பெண் ஒரு பாட்டிலோடு மாடியேறி வந்தாள்.

“அக்கா, ஒரு மணி நேரம் கிண்டினேன்க்கா. இன்னும் தண்ணியாவே இருக்கு. சர்க்கரை பத்தலையா?”

“எலுமிச்சம்பழம் பிழிஞ்சியாம்மா?”

“மாம்பழத்துக்கு எதுக்குக்கா எலுமிச்சம்பழம்?”

எலுமிச்சை பிழிந்தாயா என்ற கேள்வியை நான் நிறையப் பேரிடம் கேட்டுவிட்டேன். ஜாம் கெட்டால் எல்லாரும் சர்க்கரையைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு புளிப்பில் இருக்கிறது. நாம் பழத்தை நன்றாகக் கனியவிட்டு, தித்திப்பு ஏறிய பிறகே ஜாமுக்கு எடுக்கிறோம். கனியக் கனியப் புளிப்பு இறங்கிவிடும், பழத்தை இறுக்கும் பெக்டினும் குலைந்துவிடும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் வந்து முடியும்.

கணக்குக்காக ஓர் அளவு வைத்துக்கொள்வோம். 1 கிலோ பழக்கூழ், 750 கிராம் சர்க்கரை, 2 எலுமிச்சம்பழச் சாறு. ஜாம் என்று நான் சொல்லும் இடமெல்லாம் இந்த அளவுதான். உங்கள் பாட்டிலில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

இறுகவில்லை, ரசம் மாதிரி ஓடுகிறது

முதலில் ஒரு நாள் பொறுங்கள். சூடாக இருக்கும்போது எல்லா ஜாமும் ஓடத்தான் செய்யும். சில பழங்கள் முழுதாக இறுக 48 மணி நேரம்கூட எடுக்கும். அன்றைக்கே பயந்துபோய் மறுபடி அடுப்பில் ஏற்றிக் கல்லாக்கியவர்கள் உண்டு.

இரண்டு நாள் கழித்தும் ஓடினால் மூன்று காரணங்களில் ஒன்று: போதுமான அளவு வற்றவில்லை, புளிப்பு போதவில்லை, பெக்டின் போதவில்லை. பெக்டின் என்பது பழத்தின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசை. அது கூழில் வலைபோலப் பின்னிக்கொண்டால்தான் ஜாம் நிற்கும். பின்னுவதற்குச் சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொள்ள வேண்டும், புளிப்பு பசை இழைகளை ஒன்றையொன்று நெருங்கவிட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண்.

வற்றியதா என்று பார்க்க வெப்பமானி இருந்தால் நல்லது. சென்னையில் 105 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். இந்த எண்ணில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். அண்ணி ஒரு தாளில் பிளம்ஸ் ஜாம் எழுதி அனுப்பியிருந்தார். “97, 98 வந்ததும் இறக்கிவிடு” என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். அப்படியே இறக்கினேன். மறுநாள் பாட்டிலைச் சாய்த்தால் சர்பத். காரணம் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீரே 93 டிகிரியில் கொதிக்கும். ஜாம் தண்ணீரின் கொதிநிலையைவிட நாலைந்து டிகிரி மேலே போனால் பதம். அண்ணிக்கு 97 சரி. பெரம்பூரில் 97 என்றால் தண்ணீரே இன்னும் கொதிக்கவில்லை. மலையூர்க் குறிப்பு கையில் இருந்தால் டிகிரியைப் பார்க்காதீர்கள், கொதிநிலைக்கு மேல் எத்தனை டிகிரி என்று பாருங்கள்.

வெப்பமானி இல்லையா? அடுப்பு பற்றவைக்கும்போதே ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை ஃப்ரீசரில் வையுங்கள். பதம் வந்ததாகத் தோன்றும்போது அடுப்பை அணைத்துவிட்டு, அரை ஸ்பூன் ஜாமை அந்தத் தட்டில் விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேல்தோல் சுருங்கி மடிப்பு விழுந்தால் ஆயிற்று. விரல் போன பாதை உடனே மூடிக்கொண்டால் இன்னும் ஐந்து நிமிடம். சோதிக்கும் நேரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் பதம் தாண்டிவிடும், அணைத்தே ஆக வேண்டும்.

எனக்கு இவற்றைவிட நம்பிக்கையானது தராசு. காலிப் பாத்திரத்தின் எடையை முதலில் குறித்துக்கொள்கிறேன். மேலே சொன்ன மாம்பழ அளவு, பாத்திர எடை போக, ஏறக்குறைய 1 கிலோ 400 கிராமுக்கு வற்றினால் மொத்த இனிப்பு 65 சதவீதத்தைத் தொட்டுவிடும். கடை ஜாமுக்கு நம் நாட்டுச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவும் அந்த 65தான்.

நன்றாக வற்றியும் இறுகவில்லை என்றால் பெக்டினைச் சோதியுங்கள். சர்க்கரை போடுவதற்கு முன், வெந்த பழத்தின் தெளிந்த சாறு ஒரு ஸ்பூன் எடுத்து ஆறவைத்து, மூன்று ஸ்பூன் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் விட்டு லேசாக ஆட்டி ஒரு நிமிடம் வையுங்கள். ஒரே கட்டியாகத் திரண்டால் பெக்டின் தாராளம். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சுமார். நூல் நூலாக மிதந்தால் பற்றாக்குறை. அடுப்பை விட்டுத் தள்ளி நின்று செய்யுங்கள். அந்தச் சாறு விஷம், கீழே கொட்டிவிட வேண்டும்.

நூல் நூலாக வந்ததா? கடைக்குப் போய் பெக்டின் பொடி வாங்க வேண்டாம், கொய்யாக்காய் போதும். கனிவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் கெட்டிக் காயாக அரைக் கிலோ, தோலும் விதையுமாக அரிந்து, மூழ்கும் அளவு தண்ணீரும் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் விட்டு, சிறு தீயில் அரை மணிக்கு மேல் வேகவிடுங்கள். மல் துணியில் ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டு, தானாகச் சொட்டுவதை மட்டும் பிடியுங்கள். பிழிந்தால் ஜாம் கலங்கும். விரலில் தொட்டுப் பிரித்தால் பிசுபிசுவென்று இழுபடும் இந்தத் தண்ணீர் ஒரு டம்ளர், 1 கிலோ ஸ்ட்ராபெரிக்கோ மாம்பழத்துக்கோ போதும். களாக்காய் கிடைக்கும் பருவமென்றால் அதிலும் எடுக்கலாம்; புளிப்பும் கூடவே வந்துவிடும்.

ஏற்கெனவே பாட்டிலில் அடைத்துவிட்ட ஓடும் ஜாமைக் காப்பாற்ற, ஒரு தடவைக்கு 1 கிலோவுக்கு மேல் எடுக்காமல், அகலப் பாத்திரத்தில் கொட்டி, அரை டம்ளர் கொய்யாத் தண்ணீரும் ஓர் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, பெருந்தீயில் தட்டுச் சோதனை தேறும் வரை கொதிக்கவிடுங்கள். பாட்டிலை மறுபடி கழுவி, கொதிக்கவைத்துத்தான் அடைக்க வேண்டும்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை போட்டுச் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெல்லம் காய்ச்சும்போது அழுக்கெடுக்கச் சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம். அந்தச் சுண்ணாம்பு பழத்தின் புளிப்பைத் தின்றுவிடும். அதனால் வெல்ல ஜாமுக்கு எலுமிச்சை இரண்டுக்கு மூன்றாக வேண்டும். அப்படியும் வெள்ளைச் சர்க்கரை அளவுக்கு நிற்காது, தொக்குப் பதத்தில்தான் இருக்கும். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிடுங்கள். நன்றாகவே இருக்கும்.

கரண்டி இறங்காமல் கல்லாகிவிட்டது

பதம் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி இளக்கி, கொதிக்கும் தண்ணீர் இரண்டு மூன்று ஸ்பூன் சேர்த்துக் கலக்கினால் சப்பாத்திக்குத் தடவும் அளவுக்கு வரும். தண்ணீர் சேர்த்த பிறகு வெளியே வைக்கக் கூடாது. தீய்ந்த வாடை வந்திருந்தால் எதைச் சேர்த்தாலும் போகாது.

நாக்கில் கரகரக்கிறது

எந்தப் பழம் என்று பாருங்கள். திராட்சையென்றால் அது சர்க்கரையே இல்லை. திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம் உப்பாகப் படிந்து கண்ணாடித் தூள் மாதிரி நிற்கும். கோயம்பேட்டில் ஏறக்குறைய வருஷம் முழுக்கக் கிடைக்கும் கம்பம் பன்னீர் திராட்சையிலும் இது வரும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது, வாசனைக்கு நிகரில்லை. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் வாயில் உறுத்தும். அடுத்த முறை சாறு எடுத்ததும் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் அசையாமல் வைத்து, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலாக இறுத்து எடுங்கள்.

மற்ற பழங்களில் கரகரத்தால் சர்க்கரைப் படிகம். புளிப்போடு கொதிக்கும்போது சர்க்கரையில் ஒரு பங்கு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக உடையும். அந்த உடைந்த பங்குதான் மீதியைப் படிகமாக விடாமல் தடுக்கிறது. எலுமிச்சையே போடாமல் கிண்டினால் உடைவது குறைவு. எலுமிச்சைச் சாற்றில் பாதியைத் தொடக்கத்திலும் பாதியை இறக்கும் முன்பும் விடுகிறேன். முதல் பாதி இதற்காக, இரண்டாவது பாதி இறுகுவதற்காக. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை ஈரக் கரண்டியால் உள்ளே தள்ளிவிட வேண்டும். கரையாத ஒரு பருக்கை இருந்தாலும் அதைச் சுற்றிப் படிகம் வளரும்.

நிறம் கறுத்துவிட்டது, அல்லது வெளுத்துவிட்டது

நாவல்பழம் மை மாதிரி கறுத்துப் போனால் பாத்திரத்தைப் பாருங்கள். இரும்பு வாணலியில் துவர்ப்புள்ள எந்தப் பழமும் கறுக்கும். அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும். அடிகனமான எவர்சில்வர்தான் சரி.

மாம்பழ ஜாம் பழுப்பேறினால் ஒரே ஈட்டில் நிறையப் போட்டிருப்பீர்கள். 4 கிலோவை ஒன்றாக ஏற்றினால் வற்ற இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் நிறமும் வாசனையும் போய்விடும். கூடை பெரிதாக இருந்தாலும் ஒரு கிலோ ஒரு கிலோவாக, வாயகன்ற பாத்திரத்தில், பெருந்தீயில், அரை மணிக்குள் முடியுங்கள். பங்கனபள்ளி மட்டும் போட்டால் நிறம் வரும், புளிப்பு இருக்காது. நான் முக்கால் பங்கு பங்கனபள்ளியோடு கால் பங்கு அரைப்பழமான ருமானியோ கிளிமூக்கோ கலக்கிறேன்.

செய்தபோது நன்றாக இருந்து, ஒரு மாதத்தில் பழுப்பானால் வைத்த இடம் சரியில்லை. அடுப்புக்கு மேல் இருக்கும் அலமாரி, மே மாதத்தில், பாட்டிலுக்கு அடுப்பேதான். ஸ்ட்ராபெரி நிறம் வெளியே வைத்தால் சில வாரம்கூட நிற்காது.

திராட்சை ஸ்குவாஷ் வெளுத்துப் போனால் காரணம் கெடாமல் இருக்க நீங்கள் போட்ட பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். அதிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு சிவப்பு, ஊதா நிறங்களை வெளுக்கும். மாம்பழம், எலுமிச்சை, அன்னாசி ஸ்குவாஷுக்கு அது சரி, 1 கிலோவுக்கு 0.6 கிராம். திராட்சை, நாவல், மாதுளைக்கு சோடியம் பென்சோயேட், 1 கிலோவுக்கு 0.7 கிராம். கண்ணளவில் சிட்டிகை போடாதீர்கள், நகைத்தராசு மாதிரி சின்ன தராசில் நிறுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் மெட்டாபைசல்ஃபைட் பக்கமே போக வேண்டாம்.

மேலே பூசணம்

முழுப் பாட்டிலையும் கொட்டிவிடுங்கள். பாட்டி காலத்தில் மேலாக வழித்துப் போட்டுவிட்டுக் கீழே இருப்பதைச் சாப்பிட்டோம், நானும் சாப்பிட்டிருக்கிறேன். மேலே தெரிவது பூ மட்டும். அதன் வேரும், அது கக்கும் நஞ்சும் கீழே இறங்கியிருக்கும். அரைப் பாட்டில் ஜாமுக்காக அதைக் குழந்தைகளுக்குத் தடவிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

ஏன் வந்தது என்பதுதான் முக்கியம். ஈர ஸ்பூன், சர்க்கரையைக் குறைத்தது, பாட்டிலில் அதிகக் காலியிடம், ஆறிய பிறகு அடைத்தது, எல்லாமே காரணம் ஆகலாம். நம் ஊரில் இன்னொன்று உண்டு. பாட்டிலைக் கழுவித் துணியால் துடைத்துக் கவிழ்த்து வைப்போம். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கிற ஈரத்தில் அது எத்தனை மணி நேரமானாலும் காயாது, துணியில் இருக்கும் பூசணமும் உள்ளே ஏறும். பாட்டிலைத் தண்ணீரில் மூழ்கவைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இடுக்கியால் எடுத்து, சூடு ஆறுவதற்குள் கொதிக்கும் ஜாமை ஊற்றி, வாயிலிருந்து கால் அங்குலம் மட்டும் விட்டு, உடனே மூடுங்கள். குளிர்ந்த பாட்டிலில் கொதிக்கும் ஜாமை ஊற்றினால் விரிசல் விடும், கடப்பைக் கல் மேல் நேராக வைத்தாலும் விடும். அடியில் மரப்பலகை வையுங்கள். மாதக்கணக்கில் வெளியே வைக்கப் போகிறீர்கள் என்றால், மூடிய பாட்டிலை மறுபடி கொதிதண்ணீரில் மூழ்கவைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

குமிழி வருகிறது, மூடி உப்பியிருக்கிறது

குமிழியும் கள் வாடையும் இருந்தால் நொதித்துவிட்டது. சர்க்கரை குறைவாகப் போட்ட ஜாமை வெளியே வைத்தால் இது நடக்கும். கொட்டிவிட வேண்டியதுதான். சர்க்கரையைக் குறைப்பது தவறில்லை. குறைத்தால் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

மூடி உப்பியிருந்தால் நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். பப்பாளி, சப்போட்டா, வாழை, அத்தி போன்றவற்றில் புளிப்பு மிகக் குறைவு. பிஎச் அளவு (புளிப்பு குறையக் குறைய ஏறும் எண்) 4.6-க்கு மேல் இருந்தால் காற்றுப் புகாத பாட்டிலுக்குள் பொட்டுலினம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும். அந்த நஞ்சுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. இந்தப் பழங்களின் கூழை வீட்டில் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்காதீர்கள், ஃப்ரீசரில் வையுங்கள்.

தண்ணீர் கக்குகிறது

எலுமிச்சை அதிகமாகிவிட்டது, அல்லது பாதி இறுகியபோது பாட்டிலை ஆட்டிவிட்டீர்கள். கலக்கிச் சாப்பிடலாம். புளிப்பு நல்லது என்று சொன்னேனே தவிர, பிளம்ஸுக்கும் களாக்காய்க்கும் இரண்டு எலுமிச்சை வேண்டாம், அவற்றிலேயே இருக்கிறது.

கசக்கிறது

சீத்தாப்பழமா? அதைச் சூடு பண்ணினாலே கசக்கும். திருத்த வழியில்லை. கூழாக எடுத்து உறையவைத்து, பாயசம் ஆறிய பிறகு கலப்பதுதான் அதற்கு மரியாதை. மற்ற பழம் கசந்தால் எலுமிச்சை விதை உள்ளே விழுந்து வெந்திருக்கும். வடிகட்டிப் பிழியுங்கள்.

மாம்பழ ஜாமில் மாம்பழமே இல்லை

தோல் மஞ்சள், உள்ளே வெளிறி, வாசனையே கிடையாது என்றால் கல் வைத்துப் பழுக்கவைத்த காய். கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்கவைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. தோலுக்கு மட்டும் நிறம் ஏறி, சதை காயாகவே நிற்கும். அதை எவ்வளவு வற்றவைத்தாலும் சர்க்கரைப் பாகுதான் மிஞ்சும். காம்படியில் முகர்ந்து பாருங்கள், வாசனை வராத பழத்தை ஜாமுக்கு எடுக்காதீர்கள்.

தாண்ட்ரா காயாமல் பிசுபிசுக்கிறது

மாம்பழக் கூழைப் பூச்சுப் பூச்சாக ஊற்றி உலர்த்தும் ஆந்திரத்து மாமிடி தாண்ட்ராவை மாடியில் போட்டு எடுக்க அக்கினி நட்சத்திரம்தான் காலம். வெயில் நாற்பதைத் தொட்டும் தாண்ட்ரா கையில் ஒட்டுகிறதே என்று நான் இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கோளாறு கடல்காற்றில் இருந்தது. நண்பகல் தாண்டியதும் கிழக்கிலிருந்து காற்று திரும்பும். நமக்கு ஜில்லென்று இருக்கும், தட்டில் இருக்கும் கூழ் அந்த ஈரத்தைக் குடிக்கும். காலை ஏழு மணிக்குப் போட்டு, காற்று திரும்பியதும் உள்ளே எடுத்து மின்விசிறிக்கடியில் வைக்கிறேன். நெய் தடவிய தட்டில் மெல்லிசாக ஒரு பூச்சு, விரலில் ஒட்டாமல் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டு இரண்டாவதை ஊற்றினால் நடுவில் ஈரம் சிறைப்பட்டு உள்ளேயே புளித்துவிடும். ஓவன் இருந்தால் 60, 70 டிகிரியில் கதவைச் சற்றுத் திறந்துவைத்து உலர்த்தலாம்.

ஃப்ரீசரில் வைத்த கூழ் உருகிவிட்டது

கூழைச் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து, அரைக் கிலோ பைகளில் தட்டையாகப் பரப்பி உறையவைத்தால் நிறம் மாறாது, வேண்டியதை மட்டும் எடுக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நகரத்தில் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது என் ஃப்ரீசரில் எட்டுப் பை மாம்பழம், மூன்று பை நாவல். திறந்து திறந்து பார்க்காமல் விட்டதுதான் காப்பாற்றியது. நிறைய அடுக்கிய ஃப்ரீசர் கதவு மூடியே இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும், பாதி காலியாக இருந்தால் 24 மணி நேரம். கரண்ட் வந்ததும் ஒவ்வொரு பையையும் கையில் அழுத்திப் பார்த்தேன். நடுவில் ஐஸ் துண்டு நெருடியவற்றை உடனே மறுபடி உறையவைத்தேன். முழுக்கத் தண்ணீராகியும் குளிர்ச்சி விடாதிருந்த இரண்டு பையை அன்றைக்கே அடுப்பில் ஏற்றினேன். வெதுவெதுத்துக் கிடந்த ஒன்றைக் கொட்டினேன். இரண்டாம் முறை உறைந்த கூழ் மில்க் ஷேக்குக்கு எடுபடாது, தண்ணீர் தனியாகப் பிரியும். அவற்றைத் தனியாக ஒதுக்கி, தையில் எலுமிச்சை ஒன்று கூட்டிப் பிழிந்து ஜாமாக்கினேன். கீழ்வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பாட்டில் போயிற்று.